குழாய்க்குத் தைத்த தொப்பி

எனக்கு என் மூக்கின் மேல் ரொம்பப் பெருமை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் தோலைத் தரம் பிரிக்கிற வேலை பார்த்தேன். தோல் பதனிடுகிற டேனரியிலிருந்து கட்டுக் கட்டாக வரும் தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் தடவி, மடித்துப் பார்த்து, இது ஷூவின் முகப்புக்கு ஆகும், இது உள்ளே வைக்கத்தான் ஆகும், இது எதற்கும் ஆகாது என்று ஒதுக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணோடும் கையோடும் நிறுத்திக்கொள்வார்கள். நான் கடைசியாக ஒரு தரம் மூக்கருகே கொண்டுபோவேன். சரியாகக் காயாத தோலும் அவசரமாகப் பூச்சு அடித்த தோலும் என்னிடம் தப்பியதில்லை. டேனரி ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்பார்கள். நான் மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினால்தான் அவர்களுக்கு மூச்சு வரும். இந்தப் பெருமையை அங்கேயே விட்டுவிட்டு ரிட்டயர் ஆகியிருக்கலாம். வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் வினை.

நாங்கள் இருக்கும் வீடு பழசு. எந்தக் காலத்திலோ ஒரு டேனரி முதலாளி, மெஷின் பூட்டுவதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் தங்கட்டும் என்று கட்டியது. இன்ஜினியர் போய்விட்டார், அவருடைய குளியல் தொட்டி இருக்கிறது. வார்ப்பிரும்பில் செய்து உள்ளே வெள்ளைப் பூச்சு பூசியது. நாலு கால், ஒவ்வொன்றும் ஏதோ மிருகத்தின் பாதம் போல. வீட்டை எங்களுக்கு விற்றவர், தூக்க ஆள் கிடைக்காததால் அது அங்கேயே கிடக்கிறது என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, சாவி கைக்கு வந்த அன்று, நான் சட்டை பேண்டோடு அதில் படுத்துப் பார்த்தேன். கால் நீட்ட இடம் இருந்தது. என் மனைவி கதவருகே நின்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு யாரும் அதில் படுக்கவில்லை. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்று குடம், அண்டா, ட்ரம் என்று அகப்பட்டதிலெல்லாம் பிடித்து வைப்போம். அவ்வளவு பெரிய பாத்திரம் ஒன்று வீட்டுக்குள்ளேயே சும்மா இருக்கும்போது அதில் ஒருவன் கால் நீட்டிக் குளிப்பது பாவம் இல்லையா. அடைப்பானைச் செருகி, விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை தண்ணீர் பிடித்து, மேலே தகரத்தைப் போட்டு மூடினோம். சொம்பால் மொண்டு, பக்கத்தில் தரையில் நின்று குளித்தோம். என் மகள் கல்லூரிக்குப் போனதும், வேலைக்குப் போனதும், கல்யாணத்துக்குப் போனதும் அந்தத் தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான்.

குடிவந்த அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ பாத்ரூமில் ஒரு நாற்றம் வந்தது. அழுகின முட்டை மாதிரி என்றாள் மனைவி. ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு நாற்றம் என்று புகார் சொன்னால் யார் கேட்பார்கள்? காற்று டேனரிப் பக்கமிருந்து அடித்தால் வெளியூர்க்காரர்கள் கர்சீப்பைத் தேடுவார்கள், நாங்கள் அதைச் சுவாசித்துக்கொண்டே இட்லி தின்போம். ஆகவே நான், இது டேனரி நாற்றம், காற்று மாறினால் போய்விடும் என்று தீர்ப்புச் சொன்னேன். காற்று மாறியது, நாற்றம் போகவில்லை என்று அவள் சொன்னாள். உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா என்று கேட்டேன். கடைசி இரண்டு வருஷமாக நாற்றமே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு வரவில்லை. எனக்கு வராத நாற்றம் எப்படி இருக்க முடியும்? அவள் பினாயில் ஊற்றினாள், பாச்சை உருண்டை வாங்கி மூலைக்கு மூலை போட்டாள், என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். இந்த விஷயத்தைப் பற்றி மட்டும்தான், மற்றபடி நன்றாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

மகளை அரக்கோணத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. ஏழாம் மாசம் அங்கே வளைகாப்பு போட்டு, கை நிறைய கண்ணாடி வளையலோடு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். என் மனைவி இரண்டு மாசமாக அதற்குத்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள். முன் அறைக்கு வெள்ளை அடித்தாள். பழைய பருத்திப் புடவைகளை வெந்நீரில் துவைத்து, கிழித்து, மடித்து, ட்ரங்குப் பெட்டி நிறைய அடுக்கினாள். நான் தொட்டால் கை அழுக்கு என்று விரட்டினாள்.

வந்த மறுநாள் காலையில் மகள் குளிக்கப் போனாள். போன வேகத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வாசல் பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள். அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் குளிக்கவே போகவில்லை. அந்த பாத்ரூமுக்குள் தன்னால் கால் வைக்க முடியாது, ஏதாவது செய்யுங்கள் என்று தோசைத் தட்டை வைத்துக்கொண்டு சொன்னாள். அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"ஆம்பூர்ல பொறந்து வளந்தவளுக்கு அரக்கோணம் போனதும் மூக்கு வந்துடுச்சா? மாசமா இருந்தா மூக்கு கெட்டுத்தான் போவும். நாத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். போன் செய்து வரச் சொல்லியிருப்பாள் போல, மத்தியானம் மாப்பிள்ளை வந்தார், மாலை ரயிலில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்கு வந்த பெண், கையில் பிள்ளை இல்லாமல் திரும்பிப் போவதில்லை. தெருவில் கேட்டவர்களிடம் என் மனைவி, செக்கப்புக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் சண்டை போடவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், காபி கொடுத்தாள். அந்த ட்ரங்குப் பெட்டியை மட்டும் திறந்து திறந்து மூடினாள். அதன் கொக்கி சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவ இங்க வந்து பெத்துக்கணும். அந்த பாத்ரூம ஒடைங்க, கட்டுங்க, இன்னா வேணா பண்ணுங்க."

நாற்றமே இல்லாத பாத்ரூமை எதற்கு உடைப்பது என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒருவர் மூலமாகப் பேரணாம்பட்டிலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். நாற்பது வயசு இருக்கும். கோணிப்பையில் சாமான்களோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை பாய் என்று கூப்பிட்டேன், அவர் என்னை சார் என்றார். வந்ததும் சுத்தியலை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. பாத்ரூம் கதவைத் திறந்து ஒரு தரம் மூச்சு இழுத்தார், மூடினார். பிறகு என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் கேட்க ஆரம்பித்தார். எப்போது ஜாஸ்தி, எப்போது கம்மி, எதற்குப் பிறகு வருகிறது. அவள் பல வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி கடகடவென்று சொன்னாள். கக்கூஸில் தண்ணீர் விட்டதும் தொட்டிக்கு அடியில் களக் களக் என்று யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம் வரும், அதற்குப் பிறகு நாற்றம் தூக்கும், கதவை மூடி வைத்திருந்தால் இன்னும் மோசம். நான் குறுக்கே புகுந்து, அது டேனரிக் காற்று என்றேன்.

"டேனரி நாத்தம் எனக்குத் தெரியும் சார். எங்க ஊரும் அதான்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

அதற்கப்புறம் அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை. வீட்டில் சாம்பிராணி இருக்கிறதா என்றார். என் மனைவி கொட்டாங்கச்சியைப் பற்றவைத்து நெருப்பு செய்து கொடுத்தாள். வீட்டுக்குப் பின்னால், பாத்ரூம் தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் சேர்ந்து செப்டிக் டேங்குக்குப் போகிற வழியில் ஒரு சின்னத் தொட்டி உண்டு. அதன் மூடியைத் தூக்கி, டேங்குப் பக்கம் போகும் குழாயைத் துணியால் அடைத்தார். ஒரு பெயிண்ட் டப்பாவில் நெருப்பைப் போட்டு, கை நிறையச் சாம்பிராணியைத் தூவி, டப்பாவை உள்ளே இறக்கினார். மேலே நனைத்த கோணியைப் போட்டு மூடினார். புகை போகிற வழிதான் நாற்றம் போகிற வழி என்றார். பாத்ரூம் சுவர் வழியாக மொட்டை மாடிக்கு ஏறுகிற குழாய் ஒன்று இருக்கிறது, அது கெட்ட காற்று வெளியேறுவதற்காக வைத்தது, புகை அதன் தலையில் வர வேண்டும், வேறு எங்கே வந்தாலும் அங்கேதான் கோளாறு. என் மனைவியை பாத்ரூமில் நிறுத்தினார். என்னை மாடிக்குப் போய் அந்தக் குழாயைப் பார்க்கச் சொன்னார்.

நான் படியேறும்போதே, இது என்ன கோயில் வேலையா குழாய் வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் மூலையில் அந்தக் குழாய் நின்றது. அதன் தலையில் ஒரு தொப்பி இருந்தது.

தோல் தொப்பி. ஷூவுக்கு அடியில் வைக்கிற கெட்டித் தோல். ஓரத்தைச் சீவி, மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டு, உள்ளே சொல்யூஷன் பசை தடவி, குழாயின் வாயில் கச்சிதமாக ஒட்டியிருந்தது. அதைத் தைத்தது நான்தான்.

பார்த்த கணத்தில் எல்லாம் ஞாபகம் வந்தது. வீடு வாங்கிய முதல் கோடை. டேனரிப் பக்கத்துக் காற்று நாளெல்லாம் அடித்தது. மாடியில் நின்று பார்த்தபோது இந்தக் குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஊர் நாற்றத்தையெல்லாம் உறிஞ்சி வீட்டுக்குள் கொட்டுவது இதுதான் என்று முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. கம்பெனியில் கழிவுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அளவெடுத்து, வெட்டி, தைத்து மாட்டினேன். மறுநாள் செக்ஷனில் எல்லோருக்கும் போனில் போட்டோ காட்டினேன். வேறு ஊரில் ஒருவன் அடைக்க நினைத்திருந்தால் ஒரு செங்கல்லை வைத்திருப்பான், அது அடுத்த காற்றில் விழுந்திருக்கும். நான் ஆம்பூர்க்காரன். வெயிலிலும் மழையிலும் இத்தனை வருஷம் நின்றும் ஒரு நூல் விடவில்லை. அந்த நேரத்திலும், தையல் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது என்று மனசு ஒரு தரம் சொல்லிக்கொண்டது. என்ன மனுஷன் நான்.

கீழே மனைவி சத்தம் போட்டாள். குளியல் தொட்டியின் விளிம்புக்குக் கீழே, தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க வைத்திருக்கும் ஓட்டை வழியாகப் புகை வருகிறதாம். பாத்ரூம் முழுக்கப் புகையாம். மேலே வருகிறதா என்று பிளம்பர் கத்திக் கேட்டார். வரவில்லை என்றேன். அது உண்மைதான். பிறகு சாவியை விளிம்பில் நுழைத்து நெம்பி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சொல்யூஷன் விட மனசில்லாமல் விட்டது. குழாயிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று என் முகத்தில் அடித்து மேலே போனது.

"இப்போ வருது பாய்" என்றேன்.

தொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கீழே இறங்கினேன். கல்யாண வீட்டில் தேங்காய் திருடியவன் நடக்கிற மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிளம்பர், மேலே என்ன இருந்தது என்று கேட்டார். குருவிக்கூடு மாதிரி ஏதோ அடைத்திருந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, நெருப்பை அணைக்கப் போனார்.

பாத்ரூமில் சாம்பிராணிப் புகை இன்னும் கலையாமல் நின்றது. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, தெருக்கோடி வரைக்கும் மணக்கிறது, பூஜை என்று நினைத்து யாராவது வந்துவிடப் போகிறார்கள் என்றாள். நான் மூச்சு இழுத்தேன். தொண்டை கரகரத்தது. மணம் வரவில்லை. இன்னும் ஆழமாக இழுத்தேன். இருமல்தான் வந்தது. மாடியில் அவ்வளவு புகை முகத்தில் அடித்ததே, அப்போதும் எனக்கு மணக்கவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

நேராகச் சமையலறைக்குப் போனேன். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். ஏதோ தூரத்தில் இருப்பது மாதிரி ஒரு துளி. காபித்தூளில் அதுகூட இல்லை. டப்பா டப்பாவாகத் திறந்துகொண்டிருந்தேன். திரும்பினால் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வாசனையே தெரியல. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்" என்றாள்.

ஒரு நாள் திரிந்த பாலில் தெரியாமல் காபி போட்டுவிட்டாளாம். அவளால் ஒரு வாய் குடிக்க முடியவில்லை, நான் நன்றாக இருக்கிறது என்று முழுசும் குடித்தேனாம். அதற்குப் பிறகு அவ்வப்போது சோதித்துப் பார்த்திருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா கேக்கற ஆளா நீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது. முப்பத்தோரு வருஷம் சொல்யூஷனும் பூச்சும் அடிக்கிற காற்றில் நின்ற மூக்கு, கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் சொல்லாமலே போயிருக்கிறது. இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு, இருக்கிற மூக்கை நான் கெட்டுப்போனது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை. அவள் பாதியில் வைத்துவிட்டுப் போன தோசை கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

சட்டைக்குள்ளிருந்து தொப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எங்கே இருந்தது என்று சொன்னேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூன்று வாரத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிளம்பர் எட்டிப் பார்த்தார். குருவிக்கூடு இல்லை பாய், நான் தைத்ததுதான் என்று அவரிடமும் நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நல்ல தையல் சார். வேற எங்கனா போட்டிருக்கலாம்" என்றார்.

தொப்பியை எடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. டீ குடிக்கும்போது பிளம்பர் விளக்கினார். இளநீரில் போடுகிற ஸ்ட்ராவின் மேல் வாயை விரலால் மூடினால் உள்ளே இருக்கிற தண்ணீர் இறங்காது, விரலை எடுத்தால்தான் இறங்கும், குழாயும் அப்படித்தான். மேலே காற்று வர வழி இல்லாததால், கக்கூஸ் தண்ணீர் வேகமாக இறங்கும்போது அது பக்கத்துக் குழாயிலிருந்து காற்றை இழுக்கும். ஒவ்வொரு குழாயின் வளைவிலும் நாற்றத்தை மறிப்பதற்காகக் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீரும் சேர்ந்து போய்விடும். அந்தச் சத்தம்தான் களக் களக். போதாததற்கு நாங்கள் தொட்டியை அடைத்துத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டோம். மேலே ஆள் மூழ்குகிற அளவு தண்ணீர், அடியில் வளைவில் ஒரு சொட்டு இல்லை. தொட்டியில் குளித்து, தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தால் வளைவாவது நிரம்பியிருக்கும். ஆகப் பாதித் தப்பு என்னுடையது, பாதித் தப்பு சிக்கனத்தினுடையது. என் மனைவி, முக்கால் பங்கு உங்களுடையது என்று திருத்தினாள்.

மறுநாள் தொட்டியை நகர்த்தினோம். முதலில் தண்ணீரைக் காலி செய்ய வேண்டும். மனைவி அதை வீணாக்க விடவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து குடங்கள் வந்தன. பிறகு நான், பிளம்பர், எதிர்வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர், நாலு பேரும் நாலு காலைப் பிடித்து, கோணி விரித்து, அங்குலம் அங்குலமாக இழுத்தோம். இந்த பேஜாரை யார் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று அண்ணன்காரர் மூச்சு வாங்கினார். அடியில் என் மகளின் கொண்டை ஊசிகள் ஏழு, ஒரு சீப்பின் பாதி, கொலுசுத் திருகு ஒன்று. திருகு காணாமல் போனதற்கு அன்றைக்கு அவளை நான் திட்டியது நினைவுக்கு வந்தது. துடைத்து மாடத்தில் எடுத்து வைத்தேன்.

தரையை உடைத்தால் அடிக்குழாயின் வளைவு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. பிளம்பர் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார். புது வளைவு போட்டார். அதற்கு ஒட்டினாற்போலவே காற்றுக்குத் தனியாக ஒரு குழாய் பிரித்து, சுவர் ஓரமாக ஏற்றி, மாடியில் பழைய குழாயோடு சேர்த்தார். தலையில் வலை வைத்த மூடி ஒன்றைப் பொருத்தினார், காற்று போகும், குருவி வராது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். குழாய்களை ஒட்டுவதற்கு அவர் டப்பாவைத் திறந்தபோது, அவரும் அதை சொல்யூஷன் என்றுதான் சொன்னார். பழக்கத்தில் நான் குனிந்தேன், பிறகு நிமிர்ந்துகொண்டேன். வாய்களை அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு பகல் முழுக்க அப்படியே வைத்து ஒரு சொட்டு குறையாததைப் பார்த்த பிறகுதான் தரையை மூடினார், தொட்டியைப் பழைய இடத்தில் வைத்துத் தண்ணீர் பிடித்தோம். இடையில் ஒரு நாள் வேலூருக்குப் போய் மூக்கு டாக்டரைப் பார்த்தேன். கொஞ்சம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். நான் எதிர்பார்த்த அளவுக்கு அது என்னை வருத்தவில்லை. வேறு கவலை இருந்தது.

வேலை முடிந்ததும் மனைவிதான் முதலில் போன் செய்தாள். அப்பா எத்தனையோ தடவை இப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்று மகள் நம்ப மறுத்துவிட்டாள். நான் போனை வாங்கினேன்.

"மாடியில இருந்த பைப்ப நான்தாம்மா அடைச்சு வச்சிருந்தேன். தோல்ல தொப்பி தச்சு" என்றேன். "இன்னொண்ணு. உனக்கு மூக்கு கெட்டுப் போவல. எனக்குத்தான் போயிடுச்சு. அன்னிக்கு அப்டி பேசியிருக்கக் கூடாது."

அவள் மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"டாக்டர பாத்தியாப்பா?" என்று கேட்டாள்.

பார்த்தேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். ஆனால் ஆட்டோவை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, தான் மட்டும் உள்ளே வந்து பார்ப்பாளாம், நாற்றம் இருந்தால் அதே ஆட்டோவில் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுவாளாம். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆட்டோ வந்தது. மாப்பிள்ளை இறங்கவில்லை. பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தார். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக இறங்கி, அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, நேராக பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் வெளியே நின்றேன். பிளம்பர் நாற்றம் போய்விட்டது என்று சொல்லியிருந்தார், ஆனால் அது அவர் செய்த வேலை. மனைவியும் சொல்லியிருந்தாள், ஆனால் அவளுக்கு மகள் வர வேண்டும். நானே ஒரு தரம் மூச்சு இழுத்துப் பார்த்தேன். வெறும் காற்று. முப்பத்தோரு வருஷம் என் மேசைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்ற டேனரி ஆட்களை நினைத்துக்கொண்டேன். இவ்வளவு நேரமா அவர்களை நிற்க வைத்திருப்பேன்?

உள்ளே கக்கூஸில் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். களக் வரவில்லை. பிறகு தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கினாள் போலிருக்கிறது. அதில் இருந்த தண்ணீர் ஒரே சீராக இறங்கியது, கடைசியில் சின்னதாக ஒரு விழுங்கல், அவ்வளவுதான். தண்ணீர் வீணாகிறதே என்று மனைவி வாய் திறக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கதவு திறந்தது. மகள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"மூலையில பாச்சை உருண்டை கெடக்குது. அத எடுத்துப் போடச் சொல்லு. அது ஒண்ணுதான் நாறுது" என்றாள். பிறகு, "பெட்டிய எறக்குப்பா" என்றாள்.

நான் வாசலுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்க எழுந்தார். நான் விடவில்லை, கைப்பிடியைப் பிடித்து நானே இழுத்தேன். தோளைப் பிய்க்கிற கனம். ஒருவேளை திரும்பிப் போவோம் என்று கிளம்பி வந்தவளின் பெட்டியா இது என்று நின்றுவிட்டேன். மாப்பிள்ளை ஆட்டோக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னார், மூன்று மாசத்துக்கான துணி, குழந்தைக்குத் தைத்த சட்டைகள், தொட்டில் கயிறு, எல்லாம் அதில் இருக்கிறது, நேற்றே அடுக்கிவிட்டாள் என்று. நான் பெட்டியைத் தரையில் வைக்காமல் உள்ளே கொண்டுபோனேன்.